தானா கட்டிக்குமாமா

தானா கட்டிக்குமாமா. தானா. நீங்களே சொல்லுங் அம்மணி, இந்த ஒலகத்துல எதுங்க தானா கட்டிக்குது? ஊடு தானா எந்திரிச்சு நிக்குதா? பம்புசெட்டு தானா கூடிக்குதா? ஒரு மனுசன் பக்கத்துல நின்னு திருகி, முடுக்கி, எண்ணை உட்டு, மறுக்கா முடுக்கினாத்தானுங்க எதுவும் நடக்கும். இத நான் சொன்னா எம்புள்ள சிரிக்குது. அப்பா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், அது தானா கட்டிக்கும்ங்குது. வெறும் தண்ணிங்க. தண்ணி தானா கட்டிக்குமாமா.

நின்னுட்டே இருக்கறீங்க, குக்குங்க. அந்தச் சேரு வேண்டாம், கிரீஸு ஒட்டிக்கும். இதுல குக்குங்க. பைய இப்படிக் குடுங்க... சரி, மடியிலயே வெச்சுக்குங்க. மிக்ஸி ஜாரு தானுங்களே, ஆரும் புடுங்கிட்டு ஓடமாட்டாங்க. ஆனா இப்பவே சொல்லிப்போடறேன், மத்தியானம் வரைக்கும் நான் எந்த மோட்டரையும் ஓட்டிப் பாக்கமாட்டேன். கழட்டறேன், தொடைக்கறேன். ஓட்டமாட்டேன். புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேனுங்க.

வெளிய ஒருக்கா காதக் குடுத்துக் கேளுங்க. ஏதாச்சும் சத்தம் வருதுங்களா? இது கோயம்புத்தூரு கணபதிங்க. இந்த வீதில எந்தக் கதவத் தொறந்தாலும் உள்ள ஒரு லேத்து இருக்கும். சாதாரண நாளா இருந்தா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது, நீங்க பேசறது எனக்குக் கேக்காது. சரி, நீங்க பேசறது இப்பவும் எனக்குக் கேக்கல, அது வேற. இன்னைக்குப் பாருங்க, காக்கா கத்தறது கேக்குது. காலங்காத்தால பட்டறை பட்டறையாப் போயிக் கும்புட்டு நிறுத்தி வெச்சிருக்கேன். எல்லாரும் சரின்னாங்க. பக்கத்துப் பட்டறை மோகன்குமாருதான் மொறச்சான். அவன்கிட்ட பவர் பிரஸ்ஸு இருக்குது. தொம்மு தொம்முன்னு அடிக்கும், இங்க டம்ளரு குதிக்கும். அவனுக்குப் பெருந்துறைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு நிக்குதாமா. டேய், என்ற புள்ளயோட பொழப்பே நிக்குதுடா, உன்ற சரக்கு கெடக்குதுன்னு சத்தம் போட்டுப்போட்டுத்தான் வந்தேன். அவன் மொறைக்கறதுலயும் நாயம் இருக்குதுங்க. ஆனா தப்பு அவன் பிரஸ்ஸு மேலதான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

பேரெல்லாம் அப்பறமேல்ட்டு எழுதிக்கலாம்ங்க. எங்க போயிரப் போறீங்க? டீ குடிங்க. எங்கூட்ல, ஊட்டுக்காரிதான், ப்ளாஸ்க்குல குடுத்து உட்டுருக்குது, சூடா இருக்கும். இந்தாங்க, இந்த ஸ்டூல்லயே வெக்கறேன், தூணுக்குப் பக்கத்துல.

என்ன கேட்டீங்க? மேலயா? மேலதானுங்க இருக்குது எம்புள்ள. ரித்திகா. இந்த இரும்புத் தூணு இருக்குதுல்லங்க, இதும்மேல தகடு போட்டு ஒரு தளம் போட்டிருக்கேன். முன்னெல்லாம் காப்பர் கம்பி வெச்சிருந்தேன். புள்ள படிச்சு முடிச்சுப்போட்டு வந்து, அப்பா, எனக்கு ஒரு சின்ன எடம் குடுங்கன்னு கேட்டுது. காப்பரத் தூக்கி வெளிய போட்டுப்போட்டு, கண்ணாடி வெச்சு அடைச்சு, ஏசி மாட்டி, நானே ஆங்கிள் வெட்டி ஒரு டேபிளு அடிச்சுக் குடுத்தேன். சரியா இந்தத் தூணு மேலதானுங்க அந்த டேபிளு நிக்குது. யானை ஏறி நின்னாலும் ஆடாது. அதும்மேல தீப்பெட்டி ஒசரத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பி. இதுக்குப் போயி யானை தாங்கற டேபிளான்னு எங்கூட்ல கேட்டுச்சு. நம்ம புள்ள டேபிளு, நம்ம இஷ்டம்.

அந்தக் குப்பியிலதானுங்க இருக்குது சங்கதி. முட்டையில, பருப்புல எல்லாம் புரதம்ங்கறாங்கல்லங்க, அதுல நெம்பச் சின்னத் துணுக்கு. ஒரு மாலையில ரெண்டு மூணு மணிய மட்டும் அத்து எடுத்தாப்புல. பெப்டைடுன்னு பேராமா. அதத் தண்ணில கரைச்சா கண்ணாடியாட்டத் தெளிவா இருக்கும். அப்பறம் இன்னொரு பொடி கொஞ்சூண்டு. அது பைய பையத் தண்ணியப் புளிக்க வெக்குமாமா. புளிக்கப் புளிக்க அந்தத் துணுக்கெல்லாம் ஒண்ணத் தேடி ஒண்ணு போயிக் கை கோத்துக்குமாமா. கோத்து நூலாகி, நூலு நூலோட பின்னி வலையாகி, அந்தத் தண்ணி மொத்தத்தையும் புடிச்சு நிறுத்திப்போடுமாமா. நுங்காட்ட ஆயிப்போகும். ஆரும் கோக்க வேண்டாம், ஆரும் பின்ன வேண்டாம். நான் கேட்டேன், ஏங்கண்ணு, சோமனூர்ல போயி இதச் சொன்னா அடிக்க வருவாங்க, தறி இல்லாம, தறிக்காரன் இல்லாம நூலு எப்படித் தானா வலையாகும்னு. அதாம்ப்பா இதுல அழகேங்குது. எனக்கு அழகாத் தெரியல. வெசனமாத்தான் இருந்துச்சு.

எதுக்கு ஆகுமா? நல்லாக் கேட்டீங்க. புண்ணுக்குங்க. எங்க பங்காளி ஒருத்தரு அன்னூர்ல இருக்கறாரு, சக்கரைக்காரரு. கால்ல புண்ணு. கட்டுப் பிரிக்கறப்ப எல்லாம் பஞ்சு புண்ணோட ஒட்டிட்டு வரும், அந்த மனுசன் போடற சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். எம்புள்ள சின்னதுல அங்க லீவுக்குப் போயி அதப் பாத்துப்போட்டு ரெண்டு நாளு சோறு உண்ணல. இந்த நுங்கு இருக்குதுல்லங்க, புண்ணுல வெச்சா புண்ணோட பள்ளம் மேடு எப்படியோ அப்படியே போயி குக்கிக்குமாமா. ஒட்டாது, உரிக்க வேண்டாம். மருந்த உள்ள கலந்து வெச்சா கொஞ்சங் கொஞ்சமா உடுமாமா. வேலை முடிஞ்சா தானே கரைஞ்சு போயிருமாமா. அதுவும் தானா. எல்லாமே தானா. மனுசனுக்கு ஒரு வேலையும் இல்ல.

கடியாரத்தப் பாக்காதீங்க அம்மணி. நானுந்தான் பாத்துட்டிருக்கேன். பெருந்துறைல இருந்து ஒரு டாக்டரு வாராரு. புண்ணு டாக்டரு. இன்னைக்கு முன்பகல்ல வந்து பாக்கறாராமா. எம்புள்ள அந்தக் குப்பியத் தலைகீழாக் கமுத்திக் காட்டோணும். உள்ள இருக்கறது உழுகாம நிக்கோணும். அதாம் பரீட்சை. நின்னா, அடுத்த கட்டத்துக்கு அவரே கூட நிப்பாராமா. எலி, முயலு, அப்பறம் மனுசன். உழுந்தா... உழுந்தா எம்புள்ள ஜெர்மனிக்குப் போறங்குது.

போகட்டும்ங்க. ஆரு வேண்டாங்கறா? அங்க பெரிய பெரிய லேப்பு இருக்குது. பனி பெய்யுது. நல்லாப் போகட்டும். எங்கூட்ல இப்பவே ஸ்வெட்டரு எடுத்து வெயில்ல போட்டிருக்குது. நான் ஒண்ணும் சொல்லல. கோயம்புத்தூரு ஏர்போர்ட்டு நம்ம ஊட்டுல இருந்து கூப்புடு தூரம்தான், கொண்டு போயி உட்டுப்போட்டு வந்து சோறுண்டு படுத்துக்கலாம். எனக்கென்ன.

அந்த டாக்டரத்தான் எனக்குப் புடிக்கல. பாத்ததில்லீங்க. ஆனா தெரியும்ல்லங்க, ஆளு எப்படி இருப்பாருன்னு. தொப்பை. தங்கக் கண்ணாடி. பெரிய காரு, டிரைவரு கதவத் தொறந்து உடோணும். ஃபோன்ல எம்புள்ளகிட்ட, நேர்ல பாக்காம நான் எதையும் நம்பறதில்லன்னு சொன்னாராமா. இருக்கட்டும், வாரட்டும். காரு நிக்கறதுக்குன்னு வாசல்ல என்ற வண்டிய எல்லாம் தள்ளி வெச்சிருக்கேன். நீங்க ஆட்டோவுலதான் வந்தீங்க, இல்லீன்னா உங்க வண்டியையும் தள்ளச் சொல்லியிருப்பேன். என்னவோ சொல்ல வாரீங்க... இருங்க, முடிச்சர்றேன்.

இதுல பாருங்க, மொதல்ல வெச்சது நின்னுச்சுங்க. சத்தியமா நின்னுச்சு. புள்ள கீழ வந்து, அப்பா பாருங்கன்னு குப்பியக் கமுத்துச்சு. ஒரு சொட்டு உழுகல. நான் வெரல்ல தட்டினேன். உழுகல. நல்லாவே தட்டினேன், புள்ள புடுங்கிட்டுப் போயிருச்சு. எங்கூட்ல இருந்து கேசரி வந்துச்சு. வீதி முழுக்கக் குடுத்தோம். மோகன்குமாரு ரெண்டு தட்டம் உண்டான், அது வேற விசயம். உடனே அந்த டாக்டருக்கு ஃபோனு பண்ணி, வாங்கன்னு சொல்லியாச்சு.

அதுக்கப்பறம் வெச்சது ஒண்ணு கூட நிக்கல. கமுத்துனா மூக்குச் சளியாட்டக் கொழகொழன்னு வருது. மன்னிச்சுக்குங்க, டீ குடிக்கறப்ப சொல்லிப்போட்டேன். நீங்க இன்னும் குடிக்கவே இல்லியே. குடிங்க, ஆறிப்போகும்.

புள்ள பாவம்ங்க. பொடிய மாத்துச்சு. குப்பிய மாத்துச்சு. தண்ணிய மாத்துச்சு. சிறுவாணி தண்ணியாட்ட இந்த ஒலகத்துல தண்ணி கெடையாது, அத ஊத்திப் பாரு கண்ணுன்னு நான் ஒரு கொடம் கொண்டு போயி வெச்சேன். அப்பா இதுக்கு எதுவுமே இல்லாத தண்ணி வேணும்னு திருப்பி அனுப்பிருச்சு. எதுவுமே இல்லாத தண்ணி, அது என்ன தண்ணிங்க? எங்கூட்ல மொளகாயும் உப்பும் எடுத்துட்டுப் போயி அந்தக் குப்பிக்கே சுத்திப் போட்டுச்சு. கேசரி உண்டவன் கண்ணுதான் பட்டிருக்குதாமா. அப்பறம் புள்ளைக்கே ஒரு ரோசனை வந்துச்சு. அப்பா, கட்டறப்ப அதிர்வு இருக்கக் கூடாது, அசைஞ்சா அந்த வலை அறுந்து அறுந்து போயிரும், பட்டறை மிசினெல்லாம் நிறுத்தோணும்னு. கண்ணு, நீ கேட்டு அப்பன் எத இல்லீன்னான்? நிறுத்தினேன். லேத்து நின்னுச்சு. டிரில்லிங்கு நின்னுச்சு. அப்பவும் கொழகொழ. அப்ப அடுத்தவன் பிரஸ்ஸுன்னு அதையும் நிறுத்தினேன். நேத்து அப்படி வெச்சதும் கொழகொழதான். புள்ள ஏணிப்படில குக்கிட்டு அழுதுச்சு. எட்டாவதுல கணக்குல ஃபெயிலு ஆனப்பக் கூட அது அழுகலீங்க, டீச்சரு மேல தப்புன்னுச்சு.

நமக்கு மனசு கேக்குமுங்களா? நான் பண்ணாத மோட்டரா? எந்தப் பிரச்சனைக்கும் ஒரு மோட்டரு இருக்குதுங்க. எங்க கோயல்ல மணிக்கு, மோளத்துக்கு எல்லாம் மோட்டரு போட்டுக் குடுத்தது நாந்தான். கொஞ்சம் வேகமா ஓடுது, சாமி கும்புடறவங்களும் வேகமாக் கும்புட்டுப் போட்டுப் போறாங்க, கூட்டம் நிக்கறதில்ல. எங்கூட்ல முறுக்குப் பிழியக் கை வலிக்குதுன்னுச்சு, அதுக்கு ஒரு மோட்டரு. மொத முறுக்கு எதுத்த செவுத்துல போயி ஒட்டிக்கிச்சு. இன்னும் அங்க எண்ணைக் கறை இருக்குது. அப்பறம் வேகத்தக் கொறைச்சுக் குடுத்தேன், அதுக்குள்ள ஊட்டுக்காரிக்குக் கை வலி நின்னுபோச்சு. பேசறதும் கொஞ்ச நாளு நின்னுபோச்சு.

ஆனா ஒரு மோட்டரு மட்டும், அம்மணி, ஒரே ஒரு மோட்டரு நான் பண்ணினதுலயே அழகு. எம்புள்ள தொட்டில்ல கெடக்கறப்பப் பண்ணினேன். ராத்திரியும் பகலும் ஒரே அழுகை. ஆட்டி ஆட்டி எங்களுக்குக் கை ஓஞ்சுபோச்சு. ஒரு பழைய ஃபேன் மோட்டர எடுத்து, காப்பர் கம்பிக் காயில மாத்திச் சுத்தி, தொட்டிலுக்கு மேல மாட்டினேன். சத்தமே வராது. பொட்டாட்ட ஓடும். புள்ள கண்ண மூடுச்சுன்னா விடிஞ்சுதான் தொறக்கும். கரன்ட்டு போச்சுன்னா மட்டும் வீதியே எந்திரிக்கும். அந்த மோட்டர நான் எடைக்குப் போடலீங்க. துணி சுத்தி அட்டாலில, பரணு மேல, வெச்சிருந்தேன். கல்யாணத்துக்கு அப்பறம் பேரனோ பேத்தியோ வந்தா ஆகும்னு...

என்னங்க, டீயவே பாத்துட்டிருக்கறீங்க? ஈ உழுந்துருச்சா? காட்டுங்க. ஈ இல்லியே. என்ன? வட்டம் வட்டமா அலை வருதா? ஆமா, வரும்ங்க, அது ஒண்ணுமில்ல. டம்ளரு தூணுகிட்ட இருக்குதுல்ல, அதான்.

எதுனால அலைன்னா...

சரி. உங்களப் பாத்தா வாயி கட்டுள்ள அம்மணியாத் தெரியுது. ஆருகிட்டயும் சொல்லக் கூடாது. புள்ளைக்கே தெரியாது. அது வேலை முடிஞ்சப்பறம் சொல்லிச் சந்தோசப்படுத்தலாம்னு வெச்சிருக்கேன். இந்தத் தூணுக்குப் பின்னால பாருங்க. குனிஞ்சு பாருங்க. கையக் குடுக்காதீங்க, சூடா இருக்கும். தெரியுதுங்களா? நாலு பக்கமும் ரப்பரு புஷ்ஷு, கிளாம்பு போட்டு நிறுத்தியிருக்கேன். அதேதானுங்க. தொட்டில் மோட்டரு.

ஓடுதுங்க. இப்பவும் ஓடுது. சத்தம் கேக்குதா? கேக்காது. அதானுங்க என்ற வேலை. கேசரி குடுத்த அன்னைக்கே புள்ள ஒரு சொல்லு சொல்லுச்சு, அப்பா, கட்டறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குது, டாக்டரு அவ்வளவு நேரம் இருப்பாங்களோ என்னவோன்னு. அடுத்த நாளு அன்னூர்ல ஒரு கண்ணாலத்துக்குப் புள்ளயும் அவங்கம்மாவும் போயிருந்தாங்க. அப்ப மாட்டிப்போட்டேன். அந்தத் துணுக்கெல்லாம் ஒண்ணத் தேடி ஒண்ணு போகோணும்ங்கறாங்க, நாம கொஞ்சம் அசைச்சுக் குடுத்தாச் சீக்கிரம் போயிச் சேருமில்லங்க? பஸ்ஸுல பாருங்க, ரெண்டு குலுக்குக் குலுக்கினா எல்லாரும் உள்ள போயிருவாங்க.

அதிர்வா? இதுவா அதிர்வு? மோகன்குமாரு பிரஸ்ஸு அடிக்கறது அதிர்வு. இது தாலாட்டுங்க.

அன்னைல இருந்து நிறுத்தவே இல்ல. நிறுத்தினா அது பாதில கலைஞ்சுருமோன்னு ஒரு பயம். லேத்த நிறுத்தினேன், டிரில்லிங்க நிறுத்தினேன், வீதியவே நிறுத்தினேன், இத மட்டும்... எங்க எந்திரிக்கறீங்க? பாத்ரூமு அந்தப் பக்கம். அது அந்த மோட்டரோட ஸ்விட்சுங்க. அம்மணி. அம்மணி, அதத் தொடாதீங்க, அது...

அமத்திப்போட்டீங்களா.

ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? ஒரு மனுசன் நம்பி ரகசியத்தச் சொன்னா... இருங்க. சித்த இருங்க. அது என்ன சத்தம்? மேல. செருப்புச் சத்தம். புள்ள நடக்கறதுங்க. இத்தன நாளு இந்தத் தூணுக்குக் கீழ குக்கிருக்கேன், புள்ள நடக்கறது ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லியே. இப்ப நாற்காலிய இழுக்குது. கேக்குதுங்களா? அப்ப இந்த மோட்டருக்குச் சத்தம் இருந்திருக்குது. எனக்குத்தான் காது பழகிப்போச்சு.

டீயப் பாருங்க. அலையக் காணோம்.

இருங்க, வரிசையாச் சொல்லிப் பாக்கறேன். மொதல்ல புள்ள வெச்சுச்சு. நின்னுச்சு. அப்பறம் நான் மோட்டரு மாட்டினேன். அப்பறம் வெச்சது நிக்கல. இதுல தப்பு ஒண்ணும் தெரியலியே. மறுக்காச் சொல்றேன். புள்ள வெச்சுச்சு, நின்னுச்சு. நான் மாட்டினேன். நிக்கல. புள்ள பொடிய மாத்துச்சு, நான் மாட்டின மோட்டரு ஓடிட்டிருந்துச்சு, நிக்கல. தண்ணிய மாத்துச்சு, மோட்டரு ஓடிட்டிருந்துச்சு, நிக்கல. புள்ள ஏணிப்படில குக்கிட்டு அழுதுச்சு. நான் இங்க இதுக்கு எண்ணை உட்டுட்டிருந்தேன்.

அட கெரகமே.

அம்மணி, நாந்தானுங்களா?

தலைய ஆட்டாதீங்க. ஆட்டறதே வேண்டாம் இனிமே. ஃபோனு அடிக்குது, இருங்க, மேல இருந்து புள்ளதான். சொல்லு கண்ணு. இல்ல கண்ணு, ஆரும் வரல. வாசல்ல காரே இல்ல. இல்ல, டாக்டரு வரல, ஒரு மிக்ஸிக்கார அம்மணிதான் வந்து குக்கியிருக்கறாங்க, எனக்கு ஒரு முக்கியமான... என்ன? அவங்க டாக்டரா? வந்து அரை மணி நேரமாச்சுன்னு உனக்கு மெசேஜ் போட்டிருக்கறாங்களா? டாக்டர்... மேடமா?

நான் அப்பறம் கூப்புடறேன் கண்ணு.

ஏனுங்க. அந்தப் பையில மிக்ஸி ஜாரு இல்லீங்களா? வெள்ளைக் கோட்டு. சரி. நீங்க பேரச் சொல்ல வந்தீங்க, நாந்தான் அப்பறமேல்ட்டு எழுதிக்கலாம்னு... மிஸ்பாங்களா. நல்ல பேருங்க. அந்தத் தொப்பைன்னு சொன்னது உங்களச் சொல்லல. பொதுவாச் சொன்னது. தங்கக் கண்ணாடியும் அப்படித்தான். புடிக்கலன்னு சொன்னதும்... அது சொன்னதுதானுங்க, அத எப்படித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். இன்னைக்கு மேல இருக்கற குப்பியக் கமுத்திப் பாத்துப்போட்டுப் போயிறாதீங்க. அது உழுகும். உழுகறது எம்புள்ள வேலையில்லீங்க, என்ற வேலை. அந்தப் பொடி மேல தப்பில்ல. தண்ணி மேல தப்பில்ல. மோகன்குமாரு பிரஸ்ஸு மேலயும் தப்பில்ல, இத அவன்கிட்ட வேற நான் போயிச் சொல்லோணும். புள்ள சொன்னது சரிங்க. அது தானா கட்டிக்கும். நான் பக்கத்துல இல்லீன்னா கட்டிக்கும். புதுசா ஒண்ணு வெக்கச் சொல்லட்டுங்களா? நேரமாகும்ங்க. இருப்பீங்களா?

இருப்பீங்களா? நெசமாவா? அப்ப மத்தியானம் சோறு இங்கதான். எங்கூட்ல அரிசிம்பருப்பு சோறு, நெய் ஊத்தி. இப்பவே ஃபோனு பண்ணிச் சொல்றேன்.

நான் என்ன பண்ணோணும், அத மட்டும் சொல்லிப்போட்டு மேல போங்க. ஒண்ணும் வேண்டாமா? ஒண்ணுமேவா? கதவப் புடிச்சுக்கட்டுங்களா? குப்பி கழுவித் தரட்டுங்களா? சும்மா குக்கிருங்கன்னா என்ன அர்த்தம் மேடம், நாப்பது வருசமா எனக்கு அது வந்ததில்லியே. சரி. சரிங்க. குக்கிக்கறேன். கைய எங்க வெக்கறது? தொடைக்கு அடியிலயா? வெச்சுட்டேன். படி பாத்து ஏறுங்க, மூணாவது படி கொஞ்சம்... இல்ல, அதையும் நான் சொல்லல. நீங்களே ஏறிக்கிவீங்க.

போயிட்டாங்க.

நல்ல அம்மணி. திட்டவே இல்ல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு சொல்லி மனச ஆத்தியிருப்பேன். இப்ப இந்தக் காலிச் சேருகிட்டத்தான் பேசோணும். ஏஞ்சேரு, நீ சொல்லு, தாலாட்டறது தப்பா? தொட்டில்ல இருக்கற வரைக்கும் சரிதானுங்க. புள்ள எறங்கி நடந்து, படிச்சு, குப்பி வெச்சு, மருந்து பண்றப்பவும் அப்பன் அட்டாலில இருந்து அதே மோட்டர எடுத்து மாட்டுவானா? எனக்கு அது ஜெர்மனிக்குப் போகக் கூடாதுங்க. அவ்வளவுதான். ஏர்போர்ட்டு பக்கம்னு சொன்னதெல்லாம் சும்மா. ஸ்வெட்டர வெயில்ல போட்டதப் பாத்துப்போட்டு ரெண்டு நாளா நான் மொட்டை மாடிக்கே போகல. புள்ள போகக் கூடாதுன்னு ஒரு மோட்டர மாட்டி, புள்ளய அனுப்பறதுக்கு நானே டிக்கெட்டு எடுத்திருக்கேன்.

ஆரு? மோகன்குமாரா? உள்ள வராத. அங்கயே நில்லு. செருப்பக் கழட்டி வெச்சுப்போட்டு மெதுவாப் பேசு. இல்ல, பிரஸ்ஸ இன்னும் போடக் கூடாது. நான் சொன்னப்பறம் போடு. ஏன்டா நான் கைய அடியில வெச்சுக் குக்கிருக்கேன்னு கேக்கறயா? அது அப்படித்தான். மோகன்குமாரு... இல்ல, போ. சாயங்காலம் கேசரியோட வந்து சொல்றேன். இல்ல, விசயம் நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியாது. எப்படி இருந்தாலும் உனக்குக் கேசரி உண்டு, போ.

மேல சத்தமே இல்ல. வெச்சுட்டாங்களாட்ட இருக்குது. ஒருக்காப் போயி எட்டிப் பாத்தா என்ன? போகமாட்டேன். தூணு ஓரமா காத வெச்சுக் கேக்கலாம்... வேண்டாம், என்ற காது பட்டா அதுவும் அதிரும். மூச்சக் கூட மெதுவா உடறேன். இந்தச் சேருல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்குது. ஸ்க்ரூ டிரைவரு அந்தா தெரியுது, கை எட்டற தூரம்தான். இருக்கட்டும். லூசாவே இருக்கட்டும். ஒலகத்துல ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தா என்ன ஆயிப்போகுது?

ஆகும்ங்க. சேரு உழுகும். ஆனா இன்னைக்கு உழுகாது.

கடியாரம் மத்தியானத்தத் தாண்டிருச்சு. பாவம், அந்த மேடம் டீயக் குடிக்கவே இல்ல. நான் குடிக்க உட்டாத்தானே. முழு டம்ளரும் அப்படியே... இது என்னது? மேல ஆடை கட்டியிருக்குது. ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு சுருக்கம் இல்லாமப் பட்டாட்டக் கட்டியிருக்குது. இந்த ஸ்டூல்ல ஒரு நாளும் டீயில ஆடை கட்டிப் பாத்ததில்லியே நான். ஆரும் கிண்டல. ஆரும் அசைக்கல. தானா. நான் இங்கதான் குக்கியிருந்தேன், எனக்கே தெரியாமக் கட்டியிருக்குது.

வெரல்ல ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டுமா? கெட்டியா இருக்குதான்னு மட்டும்... வேண்டாம். கையே, அடியில போ.

செருப்புச் சத்தம். எறங்கி வாராங்க. ரெண்டு பேரும் வாராங்க. புள்ள மொகத்தப் பாக்கமாட்டேன், டீயவே பாத்துட்டிருக்கறேன். மேடம் எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க. திட்டட்டும், நல்லாத் திட்டட்டும். மூணாவது படி தாண்டியாச்சு. பக்கத்துல வந்து நிக்குது. கையில குப்பி.

கண்ணு... அதத் தலைகீழாவா புடிச்சிருக்கற?

ஏன் அதப் போயிக் குலுக்கற? குலுக்காத கண்ணு, சொன்னாக் கேளு. உழுகல. உழுகவே இல்லியே. மேடம், பாருங்க, நுங்காட்ட நிக்குது. தட்டிப் பாக்கச் சொல்றயா? என்னையவா? வேண்டாஞ்சாமி, கைய வெளிய எடுக்கமாட்டேன். நீயே புடிச்சுக்க. அம்மாவுக்கு ஃபோனப் போட்டு அந்த ஸ்வெட்டர உள்ள எடுத்து வெக்கச் சொல்லு.

என்ன கண்ணு? இவ்வளவு நேரம் நான் என்ன பண்ணேன்னா கேக்கற?

ஒண்ணுமே பண்ணல கண்ணு. இந்தச் சேருல குக்கிட்டு, நெசமாலுமே, ஒண்ணுமே பண்ணல.